பாரத்தைத் தாங்குவது யார்?

எங்க அப்பா பிக்கப் வண்டியில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போவார். போன மாதம் வண்டி குதிச்ச குதியில் அடிப்பெட்டி எல்லாம் நசுங்கிப் போச்சு. "ஷாக் அப்சர்பர் பாரம் தாங்கல" என்றார் அப்பா. மெக்கானிக் மாமா சிரித்துவிட்டார்.

பாரத்தைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங்தானாம். அதன் ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சர்பரின் வேலை. உள்ளே ஆயில் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கும்போது, ஆட்டம் வெப்பமாக மாறிவிடும். (நம்ம அறிவியல் பாடத்தில் வரும் ஆற்றல் மாற்றமேதான்!) ரொம்பச் சூடானால் ஆயில் நுரைத்து, அடக்கும் சக்தி குறையும். நைட்ரஜன் வாயு அடைத்ததில் நுரை குறைவு. அதையே வாங்கினோம்.

இருப்பதிலேயே கடினமானதை அப்பா கேட்டார். "வெறும் வண்டியா திரும்பும்போது தூக்கிப் போடும் அண்ணே" என்றார் மாமா. நாங்கள் கூடுதல் பட்டை போட்டு வண்டியை உயர்த்தியிருந்ததால் நீளத்தையும் அளந்தார். நீளம் பத்தாவிட்டால் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக் இழுபட்டுக் கெட்டுவிடும். ஆயில் கசிந்தது ஒன்றில்தான். ஆனாலும் ஜோடியாகத்தான் மாற்றணும், இல்லாட்டி இரண்டு பக்கமும் இரண்டு மாதிரி ஆடும். அப்பா பர்ஸை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

இப்போ அடிப்பெட்டித் தக்காளியும் முழுசாப் போகுது. அப்பாவோட முதுகுவலிதான் இன்னும் போகல.

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு