கரிசல் மண்ணும் நிலக்கரிச் சாம்பலும்

நாகபுரியில் வாழும் நம்மவர் பலர், ஓய்வு பெறுமுன் மனையொன்று வாங்கி வீடு கட்ட விழைகின்றனர். சேமநிதிப் பணம் முழுதும் அதில் இறங்கிவிடுகிறது. இங்குப் பல இடங்களில் மண்ணோ கரிசல். கோவில்பட்டிப் பக்கத்தார் இதன் குணம் அறிவர்: மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலே இட்ட தளமும் உடன் எழுந்து உடன் பிளக்கும். ரயில் பாதையையும் இது விடுவதில்லை. மழைக்காலத்தில் சரளைக் கற்களையே விழுங்கிவிடும்!

இதற்கு மருந்தாவது, அருகிலுள்ள கோராடி, காபர்கேடா அனல் மின் நிலையங்களில் எஞ்சும் நிலக்கரிச் சாம்பல். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேலும் சாம்பல் உண்டு. அதனை வீணாக்காது பயன்படுத்துமாறு மத்திய அரசு 1999-இல் ஆணை பிறப்பித்தது.

ஆனால் மலிவு என்றெண்ணிச் சாம்பலை மட்டும் கொட்டிப் பயனில்லை. நம் நாட்டுச் சாம்பலில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஆதலின் தானே இறுகாது. நீற்றிய சுண்ணாம்பு சேர்ந்தால்தான் சாம்பலிலுள்ள சிலிகா அதனோடு கூடி, ஈரத்தில் மெல்ல மெல்லக் கெட்டிப்படும். சுண்ணாம்பு, களியின் உப்பும் குணத்தையும் அடக்கும். மூன்றையும் சீராகக் கலந்து, நீர் தெளித்து, உருளையால் இறுக்கி, சில நாள் காயாமல் காத்தல் வேண்டும். கலவை அளவை மண் சோதனையே உரைக்கும். மேஸ்திரியின் கைக்கணக்கை நாம் நம்புவதற்கில்லை.

இம்முறை தளத்துக்கும் பாதைக்குமே ஏற்றது. சுவர்களுக்கு, ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென வகுத்த, அடியில் குமிழ்போல் விரிந்த தூண்களைப் பொறியாளரிடம் கேட்டறிக. சாம்பலைக் கிணற்றருகே குவிக்கலாகாது. ஆர்சனிக் முதலிய நஞ்சுகள் அதிற் சிறிதளவு உண்டு. நனைத்த பின்னரே அள்ளுக.