கருநிரலாக்கமும் காப்புப் பிரதியும்: ஒரு விளக்கக் குறிப்பு

கணினியைப் பயன்படுத்துவோர் பெருகியுள்ள அளவிற்கு அதன் உள்ளியக்கத்தை அறிந்தோர் பெருகவில்லை. இவ்விடைவெளி தற்செயலானதன்று. கருவியின் உடைமையாளர் பலர் அதன் மூலநிரலை மறைத்து வைப்பதன் விளைவுகளுள் ஒன்று அது. இதற்கு மாறாக, 1993 ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிடப்பட்ட பிரீபிஎஸ்டி இயங்குதளத்தில் மூலநிரல் எவர்க்கும் திறந்திருப்பதால், பயன்படுத்துவோரே ‘கேர்ணல்’ எனப்படும் கருநிரலைத் தம் தேவைக்கேற்ப மாற்றியமைத்தல் இயலும். இம்முயற்சியின் முன்நிபந்தனையொன்றை ஈண்டு நோக்குவோம்.

நினைவகம், வட்டு, கோப்புகள் ஆகிய யாவற்றையும் ஆள்வது கருநிரலே. ஆகவே அது பழுதுறின், பழுதைத் திருத்தும் கருவிகளும் உடன் செயலிழக்கின்றன. ஏனைய மென்பொருள்களிலிருந்து அது வேறுபடும் இடம் இதுவேயாகும். வட்டுக்குரிய இயக்கியைத் தேவையற்றதெனக் கருதி நீக்கிவிட்டால், புதிய கருநிரல் தன் கோப்புகளையே வாசிக்கவியலாது நின்றுவிடும்.

புதிய கருநிரலை நிறுவும்போது, அதுவரை இயங்கியது ‘கேர்ணல்.ஓல்ட்’ என்னும் அடைவுக்கு மாற்றப்படுகிறது. ஆயின் இவ்வேற்பாடு மட்டும் போதுமானதன்று. குறைபாடுடைய, எனினும் ஒருவாறு தொடங்கத்தக்க கருநிரலில் இருந்துகொண்டு மீண்டும் ஒன்றை நிறுவினால், அக்குறைபாடுடையதே பழைய பிரதியின் இடத்தைப் பெறும். நம்பகமான பிரதி அழிந்துபடும்.

எனவே, ‘ஜெனரிக்’ எனப்படும் பொதுக் கருநிரலை, அதற்குரிய கூறுநிரல்களோடு சேர்த்து, வேறு பெயருடைய அடைவொன்றிற் பிரதிசெய்து வைத்தல் வேண்டும். கருநிரலும் கூறுநிரல்களும் ஒரே ஆக்கத்தைச் சேர்ந்தனவாக இருத்தல் அவசியம். புதியதைத் தனி அடைவில் நிறுவி, ‘நெக்ஸ்ட்பூட்’ என்னும் கட்டளையால் ஒரு முறை மட்டும் தொடங்கிப் பார்த்தல் இன்னும் சிறந்தது. அது தோல்வியுறினும், தொடக்க ஏற்றியில் காப்புப் பிரதியின் பெயரைக் குறிப்பிட்டு இயந்திரத்தை மீட்கலாம்.

பழையதைப் பேணுதல் பழைமைவாதமன்றோ என வினவலாம். அன்று என்பதே நமது கருத்து. மீளும் வழி உள்ளவனே துணிந்து மாற்றுகிறான். இரண்டாவது இயந்திரம் வாங்கும் வசதி படைத்தவனுக்குத் தவறு ஒரு சிறு தாமதம். ஒன்றையே உடையவனுக்கோ அது முழு இழப்பு. மூலநிரல் திறந்திருப்பதனால் மட்டும் மாற்றும் உரிமை அனைவர்க்கும் சமமாகிவிடாது. வட்டிற் சிறிதளவு இடத்தையே வேண்டும் இக்காப்புப் பிரதிதான் அவ்வுரிமையை வசதியற்றவனுக்கும் நடைமுறையில் உரியதாக்குகின்றது.