வீட்டுக் கன்னியும் அறத்தொடு நிலையும்

விருதுநகர், சாத்தூர் முதலாய தென்பாண்டி ஊர்களில், மணமாகாது இறந்த மகளைக் கன்னித் தெய்வமாக வீட்டிலேயே வழிபடும் வழக்கம் உண்டு. ஓலைப்பெட்டியில் சிற்றாடையும் வளையலும் வைத்துப் படைப்பர். படைத்த ஆடையை அக்குடும்பத்துப் பெண்மக்களுக்கு உடுத்தக் கொடுத்தலும் உண்டு. அதனைப் பெறும் அக்காளும் தங்கையும் ‘இவள் யார்? எவ்வாறு இறந்தாள்?’ என வினவுதல் இயல்பே. பெயரும் உறவுமுறையும் விடையாகக் கிடைக்கும். இறப்பின் காரணமோ சில வீடுகளில் வெளிவருவதில்லை.

அம்மையாலும் காய்ச்சலாலும் மாண்ட சிறுமியரும் கன்னியராயினர். ஆதலின் பெட்டிதோறும் கொலையைத் தேடுவார் வழிதவறுவர். எனினும், காதல் காரணமாக உற்றாரே உயிர்போக்கிய பெண்டிர் தெய்வமாயினர் என்னும் கதைகள் தென்மாவட்டங்களில் வழங்குதலை மறுத்தற்கில்லை. செல்வ மனையில் மகளின் மணத்தோடு நிலமும் பெயரும் பிணைந்திருத்தலின், மறைத்தற்கான காரணமும் அங்கே மிகுதி.

குடும்பத்துள் மறைந்ததை வெளிப்படுத்துதற்குத் தமிழில் ஓர் இலக்கணமே உண்டு என்பது அறிஞர் அறிந்ததே. தொல்காப்பியர் அதனை அறத்தொடு நிற்றல் என்பர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், அவள் தந்தை தன்னையர்க்கும் உணர்த்துதல் உரையாசிரியர் காட்டும் முறை. தோழி செவிலியின் மகள். எனவே தலைவியும் அவளும் உடன்பிறந்தார் போல வளர்ந்த இளம்பெண்கள். வெளிப்படுத்தும் வகை ஏழனுள் ‘உண்மை செப்பல்’ இறுதியில் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. உள்ளதை உள்ளவாறு கூறுதல் அத்துணை அரிது போலும்! கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் தோழி செவிலிக்குக் கூறும் கூற்றே. அவளும் அஞ்சியே பேசுகின்றாள். தன் நிலையைப் பகைவேந்தர் இருவரிடை நிற்பாரின் நிலையோடு ஒப்பிடுகின்றாள். ஆயினும் பேசிவிடுகின்றாள், தலைவி வாழ்கின்றாள். கொலையுண்ட கன்னியின் வீட்டிலோ அச்சங்கிலி எங்கோ அறுந்தது. ஒருத்தி சொல்லாமல் இருந்திருக்கலாம்; சொல்லியும் தன்னையர் கேளாதிருந்திருக்கலாம்.

வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. பஞ்சத்தால் ஏழு மக்களோடு வந்தவளுக்குச் செல்வத் தமையன் வீட்டில் அண்ணி கதவடைத்த கொடுமை, பெரிய எழுத்துப் பதிப்புகளால் நாடறிந்த கதையாயிற்று. கன்னிக்குப் பாட்டில்லை, பெட்டியே உண்டு.

களப்பணியில் நாம் முதியோரையே வினவிப் பழகியுள்ளோம். அவ்வீட்டுச் சிறுமியர் கேட்டறிந்தவற்றையும், எந்த வினாவோடு அவர்தம் வாய் அடைக்கப்பட்டது என்பதனையும் இனிச் சேர்த்துக் குறித்தல் வேண்டும். ஊரும் குடும்பமும் விளங்குமாறு அவற்றை அச்சிடுதல் மட்டும் ஆகாது.