சிங்காநல்லூர் மாடியில் ஒரு சந்தூர்

சந்தூர் என்றதும் உங்களுக்குச் சோப்பு ஞாபகத்துக்கு வந்தால் தப்பே இல்லை. போன மாதம் வரை எனக்கும் அப்படித்தான்.

சிங்காநல்லூரில் என் அத்தை வீட்டு மாடியில் ஒரு தம்பி குடியிருக்கிறார். குறும்படம், கல்யாண வீடியோ, அம்மன் பாட்டு ஆல்பம் என எது வந்தாலும் இசை போட்டுக் கொடுப்பவர். (“பேரெல்லாம் வேண்டாமுங்க்கா” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.) அன்று படியேறும்போதே, கண்ணாடி மேல் மழைத்துளி சொட்டுவது போல ஒரு சத்தம். அறைக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், கை அகலத்துக்குக் கொஞ்சம் பெரிய கீபோர்டு. அவ்வளவுதான்.

“வாசிச்சது யாருப்பா?”

“நாந்தானுங்க்கா. சந்தூர்.”

“அது எங்கே?”

“இதுக்குள்ள இருக்குதுங்க்கா” என்று மௌஸைத் தட்டினார். திரையில் கம்பிகள் இழுத்துக் கட்டிய ஒரு மரப்பெட்டியின் படம். நிஜ சந்தூரை அவர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்பதை அப்புறம்தான் சொன்னார்.

நிஜ சந்தூர் காஷ்மீரத்து வாத்தியம். சரிவகமாக இருக்கும் மரப்பெட்டி. அதன் மேல் 25 குதிரைகள், குதிரைக்கு நான்கு கம்பி, ஆக 100 கம்பிகள். ‘சததந்திரி வீணை’ என்று பழைய பெயர் சொல்வதும் அதனால்தான். இதை மீட்டுவதில்லை, தட்டுவார்கள். நுனி வளைந்த, இலேசான இரண்டு மரக்குச்சிகளால். ஈரானில் இதன் உறவுக்கார வாத்தியத்துக்கு 72 கம்பி. ஹங்கேரியில் சிம்பலம், சீனாவில் யாங்சின் என்று ஊருக்கு ஊர் சொந்தம் உண்டு.

காஷ்மீரில் சூஃபியானா இசைக்குத் துணையாக இருந்த இதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர், ஜம்முவில் 1938-ல் பிறந்த சிவகுமார் சர்மா. 1955-ல் மும்பையில் முதல் கச்சேரி. ‘தட்டினால் உடனே அடங்கிவிடும் வாத்தியத்தில் ராகத்தின் நெளிவு சுளிவு எப்படி வரும்?’ என்று பண்டிதர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர் ஸ்டாண்டிலிருந்து சந்தூரைத் தூக்கி மடியில் வைத்தார், கம்பி அமைப்பை மாற்றினார், குச்சியைக் கம்பி மேல் மெல்ல அதிரவிட்டு ஒலியை நீட்டும் வித்தையைக் கண்டுபிடித்தார். 1967-ல் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா, கிதார் பிரிஜ்பூஷண் காப்ராவோடு சேர்ந்து வெளியிட்ட ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டு சந்தூரை உலகத்துக்கே அறிமுகம் செய்தது. 2022 மே மாதம் அவர் காலமானார்.

அந்த வாத்தியம் எப்படி ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள் போய் உட்கார்ந்தது?

ஒரு கலைஞரை ஸ்டூடியோவில் உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகத் தட்டச் சொல்லிப் பதிவு செய்வார்கள். ஒரு தடவை தட்டினால் போதாது. பூப்போல ஒரு தட்டு, கொஞ்சம் அழுத்தி, நல்ல வேகத்தில் என்று பல அளவுகளில் வேண்டும். நீங்கள் கீபோர்டை எவ்வளவு வேகமாக அழுத்துகிறீர்கள் என்பதை மிடி முறையில் 127 வரை எண்ணாகக் கம்ப்யூட்டர் படிக்கும். அதற்குத் தகுந்த பதிவை எடுத்துக் கொடுக்கும். இன்னொரு சிக்கல், ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் தையல் மெஷின் மாதிரி கேட்கும். அதனால் ஒரே அளவிலும் நாலைந்து தட்டு எடுத்து வைத்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடுவார்கள். இடது கைத் தட்டும் வலது கைத் தட்டும்கூட ஒன்றல்ல. 25 ஸ்வரம், 5 அளவு, 4 தட்டு, 2 கை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,000 பதிவு! ஒவ்வொன்றும் ஒலி முழுதாக அடங்கும் வரை, நாற்காலி கிறீச்சிடாமல், யாரும் இருமாமல். இந்தப் பொறுமைக்கே அந்தக் கலைஞருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

யோசனை புதிதல்ல. 1963-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் வந்த மெலோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டு டேப் ஓடும். 1979-ல் ஆஸ்திரேலியாவின் ஃபேர்லைட் அதை டிஜிட்டலாக்கியது. அன்று பணக்கார ஸ்டூடியோவில் மட்டும் இருந்த சங்கதி, இன்று நம் ஊர் மாடி அறையில்.

தம்பிக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்க வேண்டியதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் எடுத்த ஒரு குறும்படத்துக்கு அரை நிமிட சந்தூருக்காக சென்னைக்கோ மும்பைக்கோ ஆள் தேடிப் போனால், படத்தின் மொத்த பட்ஜெட்டும் அதிலேயே போய்விடும். தவிர, நிஜ சந்தூரில் ராகத்தை மாற்ற வேண்டுமானால் கம்பிகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் திருகிச் சுருதி சேர்க்க வேண்டும். இங்கே ஒரு கிளிக்.

ஆனாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. அவரே வாசித்துக் காட்டினார். மூன்று விரலால் மூன்று ஸ்வரத்தை ஒரே நேரத்தில் அழுத்தினார். இனிமையாகத்தான் இருந்தது. “இது பொய்யுங்க்கா. கையில ரெண்டே குச்சி. மூணு சத்தம் எப்படி ஒண்ணா வரும்?” அதனால் அவர் இரண்டு ஆள்காட்டி விரலால் மட்டுமே வாசிக்கிறார். பார்க்க, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் சேர்ந்த பையன் மாதிரி இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. நிஜ வாத்தியத்தில் ஒரு கம்பியைத் தட்டினால் பக்கத்துக் கம்பிகளும் சேர்ந்து முனகும். தனித்தனியாகப் பதிவானதை அடுக்கும்போது அந்த முனகல் முழுதாக வருவதில்லை. குச்சியை இழைத்து ஒலியை நீட்டும் வித்தையும் அப்படித்தான். கீபோர்டுக்கு அழுத்தத் தெரியும், இழைக்கத் தெரியாது.

நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீநகரில் தலைமுறைகளாக சந்தூர் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த குலாம் முகமது ஜாஸுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். காஷ்மீரில் இந்தத் தொழிலின் கடைசிக் கைகளில் ஒன்று என்று அவரைப் பற்றி எழுதுகிறார்கள். உலகம் முழுக்க மாடி அறைகளில் சந்தூர் ஒலிக்கிறது, செய்கிற பட்டறைகள் குறைகின்றன. மென்பொருள்தான் காரணம் என்று பழி போட மாட்டேன். அது வருவதற்கு முன்பே அந்தத் தொழில் இளைத்துவிட்டது. இருந்தாலும் உறுத்துகிறது.

பேச்சு நம் ஊருக்குத் திரும்பியது இதற்கப்புறம்தான். அவர் கையில் இப்போது இருக்கும் குறும்படத்தில் மாரியம்மன் நோம்பி வருகிறது. கம்பம் நட்டு, சுற்றி ஆடும் காட்சி. அதற்குப் பெரிய மேளம் வேண்டும். அவருடைய தொகுப்புகளில் தேடினோம். ஜப்பான் முரசு இருந்தது, ஆப்பிரிக்காவின் ஜெம்பே இருந்தது, தவில் இருந்தது. காங்கேயம், பெருந்துறைப் பக்கம் இரவெல்லாம் அதிரும் பெரிய மேளம் இல்லை. காஷ்மீர் கிடைக்கிறது, காங்கேயம் கிடைக்கவில்லை!

இங்கே யாரும் பதிவே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் 1960-களில் தங்கியிருந்த ஆய்வாளர் பிரெண்டா பெக், உடுக்கை அடித்துப் பாடிய அண்ணன்மார் கதையை டேப்பில் பிடித்தார். அது கதைக்காக எடுத்தது. ஒவ்வொரு அடியாகப் பிரித்து வைத்ததல்ல.

“நாமளே எடுத்துரலாமுங்க்கா” என்றார் தம்பி. பெருந்துறைப் பக்கம் ஒரு மேளக் குழுவின் பெரியவருக்கு என் எதிரிலேயே போன் போட்டார். ஒரு நாள் முழுக்க, ஒவ்வொரு அடியாக, மெல்லவும் பலமாகவும் அடிக்க வேண்டும், ஒரு நோம்பிக்கு வாங்கும் கூலியைத் தந்துவிடுகிறேன் என்று விளக்கினார். ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

“ஏனுங் தம்பி, ஒருக்கா புடிச்சு வெச்சுட்டா அப்பறம் எத்தன நாளைக்கு அடிச்சுக்கலாம்?”

“எத்தன நாளைக்கு வேணும்னாலும் அடிக்கலாமுங்க.”

“அப்ப எனக்கு ஒரு நாள் கூலி மட்டுமா?”

தம்பி என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். அந்த சந்தூரைத் தட்டிய காஷ்மீரத்துக்காரருக்கோ மும்பைக்காரருக்கோ எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று அதுவரை நாங்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை.

அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் இப்படி முடிந்தது: கூலி இரண்டு நாளுக்கு, பதிவை வேறு யாருக்கும் விற்கக் கூடாது, தம்பி அதை எந்தப் படத்தில் போட்டாலும் குழுவின் பேர் வர வேண்டும், ஒரு தொகையும் போக வேண்டும், ஊரில் கோயில் நோம்பி என்றால் ஸ்பீக்கரில் போடாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது பெரியவர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள். நல்ல மைக் ஒன்று இரவல் கேட்டிருக்கிறாராம். ஒரு அடியின் அதிர்வு முழுதாக அடங்கும் வரை பக்கத்துத் தோட்டத்து மயில் கத்தாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் இப்போதைக்கு அவருடைய கவலை.