மீன் இல்லாத ஒரு மாதம்

கடல்மீன் தொட்டி அமைத்தபின் ஒரு மாதமாவது அதில் மீன் விடக் கூடாது. உப்புத் தண்ணீரும் கல்லும் ஓடுகிற பம்பும் மட்டும் போதும். வீட்டுக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாக மாறிச் செவுளைப் புண்ணாக்கும். அந்த அமோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டின் கேடு குறைவு, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். இந்த பாக்டீரியாக்கள் கல்லின் நுண்துளைகளில் குடியேறத்தான் அந்த ஒரு மாதம். அதுவரை அவற்றுக்கு இரையாகச் சிட்டிகை மீன்தீனி போட்டு வரலாம்.

சமையல் உப்பு உதவாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கலந்த கடலுப்புப் பொடியை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைக்க வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியில் தங்கிவிடும். அதனால் குறைந்ததை ஈடுகட்ட ஊற்றுவது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். வெப்பம் 26 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். சென்னை வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அது நடக்காது. செலவில் பெரும்பகுதி அதற்கே போகும்.

எந்த மீன்? அழகில் மயங்கி மாண்டரின் மீனை வாங்காதீர்கள். உயிருள்ள நுண்ணிரையைத் தவிர வேறெதையும் அது லேசில் தொடாது. சின்னத் தொட்டியில் பட்டினியாலேயே செத்துப்போகும். புதியவர்களுக்கு ஏற்றது கோமாளி மீன். கடலிலேயே அது தான் குடியிருக்கும் கடல் சாமந்தியை (சீ அனிமோன்) விட்டு அதிக தூரம் போவதில்லை. கொட்டும் அந்தச் சாமந்திதான் அங்கே அதற்குக் காவல். வேட்டையாட ஆளில்லாத தொட்டியில் அது தேவைப்படாது.

கோமாளிக் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது அதன் ஆண், மற்றவை பருவமடையாதவை. பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறிவிடும். ஆகவே கடையில் ஆணா பெண்ணா என்று குழம்ப வேண்டாம். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு குட்டிகள் வாங்கினால், பெரியது பெண்ணாகிக்கொள்ளும்.

தென்கிழக்காசியக் கடல்களில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பவளமும் அதில் பாழாகிறது. பண்ணையில் பிறந்த குஞ்சையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளிகளைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்த்திருக்கிறது. காசு கொடுக்கும் முன் கடைக்காரரைத் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். பண்ணைக் குஞ்சு குருணைத் தீனிக்குப் பழகியிருக்கும்; போட்டதும் பாய்ந்து வரும். மூலையில் ஒதுங்கி மூச்சிரைக்கும் மீனை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.