ஆங்கிலத்தின் சிறு வினைகள்

ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகள் நீண்ட சொற்களுக்கு அஞ்சுவதில்லை. 'போஸ்ற்போன்' என்றால் பிற்போடுதல் என்று உடனே விடை கூறுவர். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். மனனஞ் செய்தால் முடிந்தது. அவர்களை மயக்குவன 'புற்', 'கெற்', 'ரேக்' போன்ற சிறு வினைகளே.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் தன் நேர்முகப் பரீட்சை பற்றித் தொலைபேசியில் விசாரித்தான். அது 'புற் ஓஃப்' செய்யப்பட்டுள்ளதென அலுவலர் ஆங்கிலத்தில் கூறினார். 'புற்' என்றால் வைத்தல் என்று மட்டும் படித்திருந்தவன், பரீட்சை வைக்கப்படுகிறது என்றே கொண்டு, யாழ்ப்பாணத்தில் இரவு வண்டியேறிக் கொழும்பு சென்று வீணே மீண்டான்.

அலுவலர் சொன்னதும் அவன் அறிந்திருந்த 'போஸ்ற்போன்' என்பதும் ஒன்றே. இலத்தீனில் 'போஸ்ற்' என்றால் பின். 'போனேரே' என்றால் வைத்தல். நாம் 'பிற்போடு' என்பதும் 'ஒத்திவை' என்பதும் இதே போக்கில் அமைந்தவை அல்லவா? ஆங்கிலேயர் அன்றாடப் பேச்சில் 'புற்' என்பதனோடு 'ஓஃப்' என்னும் சிறு சொல்லைச் சேர்த்துக் காரியத்தை முடித்துக்கொள்வர். சேரும் சொல் மாறினால் பொருளும் மாறிவிடும். 'புற் ஒன்' என்பது ஆடை அணிதல். 'புற் அவுற்' என்பது தீயை அணைத்தல். 'புற் அப் வித்' என்பது பொறுத்துக்கொள்ளுதல். இக்கடைசித் தொடரின் பொருளை அதன் உறுப்புகளைக் கூட்டிப் பார்த்து ஊகிப்பது அரிது.

நம் 'பிடி' என்னும் வினையும் இத்தகையதே. பஸ்ஸைப் பிடித்தான், தடிமன் பிடித்தது, அந்தப் பாட்டு எனக்குப் பிடித்தது என்கிறோம். இவற்றை நாம் அகராதி பார்த்தா கற்றோம்?

1930ஆம் ஆண்டில் சி. கே. ஒக்டன் என்னும் அறிஞர் 850 சொற்களாலான 'பேசிக் இங்கிலிஷ்' திட்டத்தை வெளியிட்டார். அதில் 18 வினைகளே இருந்தன. 'புற்', 'கெற்', 'ரேக்' மூன்றும் அவற்றுள் அடங்கும். சொற்றொகை குறைந்ததேயன்றிக் கற்பவன் சுமை குறையவில்லை என்பது என் எண்ணம். தொடர்களைத் தனியே கற்கத்தான் வேண்டும்.

ஆகவே பிள்ளையின் கொப்பியில் 'புற் - வை' என்று எழுதி நிறுத்தாது, தொடரை ஒரு முழு வாக்கியத்தில் அமைத்து எழுதச் செய்யுங்கள். அவ்வாறு எழுதினால் இன்னொரு நுட்பமும் தானே புலப்படும். அஃறிணையைச் சுட்டும் 'இற்' என்னும் சொல் 'புற் இற் ஓஃப்' என நடுவில் நிற்கும். 'புற் ஓஃப் இற்' என்பது வழு. 'புற் அப் வித் இற்' என்பதிலோ அது இறுதியில்தான் நிற்கும்.