சுவரில் ஆடும் கழிவறைத் தொட்டி: விழும் முன் சரிசெய்வோம்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடுகள் இருந்த காலத்தில் கழிவறை வெளியே தனியாக இருந்தது. இன்று தாமான் வீடுகளிலும் மலிவு விலை வீடுகளிலும் அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கூடவே, சுவரில் மாட்டிய தண்ணீர்த் தொட்டியைக் கவனிக்கும் பொறுப்பும் வந்துவிட்டது.

தொட்டி ஆடினால் அதைச் சிறிய விஷயமாக எண்ணக்கூடாது. 6 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 6 கிலோ எடை. பழைய 9 லிட்டர் தொட்டி என்றால் 9 கிலோ. குந்தும் கழிவறையில் அது உட்காருபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. தொட்டி விழாவிட்டாலும், ஆட ஆட பைப் இணைப்பு தளர்ந்து தண்ணீர் கசியும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் பைப் கழன்றால் பில் எகிறிவிடும்.

பெரும்பாலும் கோளாறு தொட்டியில் இல்லை, சுவரில்தான் இருக்கிறது. ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கும், அல்லது அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பிளக் தளர்ந்திருக்கும். ஸ்க்ரூவை முறுக்கும்போது பிளக் விரிந்து சுவரை இறுகப் பிடிக்கிறது. இந்த நைலான் பிளக்கை 1958ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர். பிளக் மேல்பூச்சில் மட்டும் நின்றால் பிடிப்பு இருக்காது. செங்கல் வரை போக வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் தொட்டிக்கு வரும் வால்வை அடைத்து, ஒருமுறை ஃபிளஷ் செய்யவும். மிச்சத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்கவும். கீழே வாளி வைத்து, பைப் நட்டுகளையும் பிறகு ஸ்க்ரூக்களையும் கழற்றவும்.

பழைய ஓட்டை சற்றுப் பெரிதாகியிருந்தால், அதையே 8 மில்லிமீட்டருக்குத் துளைத்து, புதிய பிளக்கும் 5 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத ஸ்க்ரூவும் போடலாம். பிளக்கின் நீளத்தைவிட 1 சென்டிமீட்டர் கூடுதல் ஆழம் தேவை. துளையில் உள்ள தூசியை வெளியேற்றாவிட்டால் பிளக் நழுவும். ஓட்டை உதிர்ந்து அகன்றிருந்தால் சிமெண்டுக் கலவையால் அடைத்து, சில நாள் காயவிட்டுப் பிறகே துளைக்க வேண்டும்.

டைல்ஸ் சுவர் என்றால் குறியிட்ட இடத்தில் டேப் ஒட்டி, டைல்ஸைத் தாண்டும் வரை சுத்தியல் விசை இல்லாமல் துளைக்கவும். பைப்போ ஒயரோ சுவருக்குள் போகும் இடத்தில் துளைக்கக்கூடாது. தரை காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கையோடு மின்சார ட்ரில்லைத் தொடக்கூடாது.

தொட்டியை மாட்டும்போது ஸ்க்ரூவுக்கு ரப்பர் வாஷர் போட்டு, இரு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்கவும். அதிகம் முறுக்கினால் தொட்டி வெடிக்கும். சிலிகான் பசை ஈரத்தைத் தடுக்கும், எடையைத் தாங்காது. தொட்டியை நிரப்பியபின் காய்ந்த டிஷ்யூவால் இணைப்புகளைத் துடைத்தால் கசிவு தெரிந்துவிடும்.

தொட்டியே விரிந்திருந்தால் புதியது வாங்குவதே நல்லது. வால்வு அடைபடாவிட்டால் பைப் வேலை தெரிந்தவரை அழைக்கவும்.

வீட்டில் தாத்தா பாட்டி எழும்போது தொட்டியைப் பிடிக்கிறார்களா என்றும் பார்க்கவும். தொட்டி ஆள் எடையைத் தாங்காது. அவர்களுக்குப் பக்கச் சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்றைப் பொருத்திவிட்டால், தொட்டியும் தப்பும், அவர்களும் விழாமல் இருப்பார்கள்.